ரேட்டைக் குறைத்தால்தான் வேலை வருமா? வன்னியில் ஃபோவர்டிங் விற்கிற கதை

கேள்வி, வவுனியாவில் இருந்து
2025 ஜூன் 11

அக்கா, மற்றவர்களின் சாமானைக் கப்பலிலும் விமானத்திலும் வெளிநாட்டுக்கு அனுப்பிக் கொடுக்கிற கொழும்பு ஃபோவர்டிங் கொம்பனி ஒன்றுக்கு வடக்குப் பக்கம் மார்க்கெட்டிங் செய்ய என்னை எடுத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள், பெற்றோல் காசு, விசிட்டிங் கார்ட் எல்லாம் தந்திருக்கிறார்கள். வவுனியாவில் தொடங்கி ஏ9 வழியே பரந்தன் வரை கடை, மில், தொழிற்சாலை என்று ஏறி இறங்குகிறேன். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ரேட் எவ்வளவு?" சொன்னால், "சரி தம்பி, பார்த்துச் சொல்கிறேன்." அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. மனேஜர் ரேட்டை இன்னும் குறைத்துக் கொடு என்கிறார். எனக்கென்றால் வன்னியில் இந்தச் சேவை வாங்க ஆட்களே இல்லை என்றுதான் படுகிறது. சரியா, பிழையா?

2025 ஜூன் 11, இரவு

ஆட்கள் இல்லை என்பதை நான் நம்பவில்லை. நீ ஏறி இறங்குகிற இடங்களில், சாமான் கொண்டுபோகிற கூலியைக் கட்டுகிற ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கிளிநொச்சியில் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பொதி செய்கிற ஒரு மில்லை எடுத்துக்கொள். சாமான் அங்கேதான் அரைபடுகிறது, அங்கேதான் பெட்டியில் ஏறுகிறது. ஆனால் எந்தக் கப்பலில், யார் மூலம் என்று முடிவெடுப்பது கனடாவில், ஸ்காபரோவில் கடை வைத்திருக்கிற மில்காரரின் பெறாமகன். கூலி கட்டுவதும் அவர். மில்காரர் உன்னிடம் ரேட் கேட்டது ஒரு மரியாதைக்கு, வெயிலில் வந்த பிள்ளையைச் சும்மா அனுப்பக் கூடாது என்று. அந்த ரேட்டை வைத்து அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பெறாமகனிடம் சொல்லவும் மாட்டார், ஏனென்றால் அவரிடம் எடுத்துச் சொல்லும்படி நீ எதையும் விட்டுவிட்டு வரவில்லை.

நான் இந்தப் பக்கம் வந்தது கொழும்பில் பீ.எல்., அதாவது கப்பலில் ஏற்றிய சாமானுக்குரிய பத்திரம், அடிக்கிற மேசையில் இருந்து. வடக்குச் சாமான் என்று வந்தால் பெரும்பாலும் "ஃபிரைட் கலெக்ட்" என்றுதான் அடிப்போம். அதாவது கூலி அந்தக் கரையில், சாமானை எடுக்கிறவர் கட்டுவது. அதைத் தினமும் அடித்தும்கூட, விற்க இறங்கிய காலத்தில் எல்லோரும் செய்வதுபோல நானும் சாமான் அனுப்புகிற ஆட்களைத்தான் தேடிப் போனேன், மேலிடத்தில் இருந்து வருகிற பட்டியல் அப்படித்தான் இருக்கும்.

ஆகவே கடைக்குள் ஏறியதும் ரேட் பேச்சு வேண்டாம். கூலி யார் கட்டுகிறார்கள், இப்போது யார் மூலம் போகிறது, போன முறை என்ன கரைச்சல் வந்தது என்று கேள். கடைசிக் கேள்விக்குத்தான் ஆட்கள் வாய் திறப்பார்கள், திறந்தால் பிளேன்ரீ வரும், அரை மணி நேரம் போகும். போகட்டும்.

2025 ஜூன் 12

தொழிற்சாலை என்று எழுதியிருந்தாய், அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஆடைத் தொழிற்சாலை கேற்றில் நின்று கார்ட் கொடுப்பதை நிறுத்து. அங்கே இருப்பது உற்பத்தி மட்டும். ஃபோவர்டர் யார் என்பதை வெளிநாட்டு வாங்குநர் முன்பே பெயர் குறித்துக் கொடுத்துவிடுவார், மிச்சம் கொழும்புத் தலைமை அலுவலகத்தில். கேற்றில் நிற்கிற செக்யூரிட்டி ஐயா உன்னோடு நல்லாகக் கதைப்பார், தண்ணீர் தருவார். கொன்ரெய்னர் தர மாட்டார்.

2025 ஜூன் 12, பின்னேரம்

முறிகண்டியில் நிற்பாய்தானே, எப்படியும் நிற்பாய், ஏ9 இல் போகிற எந்த வாகனம்தான் நிற்காமல் போகிறது. கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு உடனே ஓடாதே. கச்சான் வாங்கிக்கொண்டு லொறிக்காரர்களோடு கதை. என்ன ஏற்றிக்கொண்டு போகிறார்கள், கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொடையில் எந்த ஸ்டோரில் இறக்குகிறார்கள், அங்கே எவ்வளவு நேரம் காத்துக்கிடந்தார்கள். கொம்பனி தந்த பட்டியலில் இல்லாத பெயர்கள் எனக்கு அங்கேதான் கிடைத்தன.

இன்னொரு இடம் லேபல் அடிக்கிற அச்சகம். ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும் லேபல் அடிக்கக் கேட்டு யாராவது வந்தால், சாமான் கனடாவுக்குப் போகப் போகிறது. அங்கே சில்லறையாக விற்கிற பொதியில் இரண்டு மொழியும் இருக்க வேண்டும். அச்சகக்காரருக்கு உன்னையும் என்னையும்விட இரண்டு மாதம் முந்தியே விஷயம் தெரியும்.

2025 ஜூன் 15

முல்லைத்தீவில் இருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், "ரேட் முக்கியமில்லை என்பது ஏசி அறைப் பேச்சு" என்று. நான் அப்படி எழுதவில்லை. ஏசியும் இல்லை.

சாமானைப் பொறுத்தது. அரிசி மில்காரர் 20 அடிக் கொன்ரெய்னரில் 20,000 கிலோ ஏற்றுகிறார் என்று வை. கூலி 100 டொலர் கூடினால் கிலோவுக்கு அரை அமெரிக்கச் சதம், டொலரை 300 ரூபாய் என்று பிடித்தால் 1 ரூபாய் 50 சதம். அரிசிக்காரருக்கு அந்த ஒன்றரை ரூபாய்தான் இலாபமே. அவரிடம் ரேட்டைத்தான் பேச வேண்டும், வேறெதைப் பேசினாலும் நேரம் வீண். அதே 100 டொலர் ஒடியல் மா, முருங்கையிலைத் தூள் மாதிரிச் சாமானில் விலையோடு ஒப்பிட்டால் தெரியவே தெரியாது. அந்த ஆட்களுக்குப் பயம் வேறு: பெட்டி உடையுமா, பிடித்துவைப்பார்களா, காசு வருமா.

ஆக, ரேட்டால் வருகிற வாடிக்கையாளர் இருக்கிறார், ஆனால் அடுத்தவன் 50 டொலர் குறைத்தால் அவர் அங்கே போய்விடுவார். அதைத் தெரிந்துகொண்டே செய்.

2025 ஜூன் 18

பளைப் பக்கம் பெண்கள் சங்கம் ஒன்று பனையோலைப் பெட்டி, கடகம், தொப்பி செய்து பாரிசுக்கு விமானத்தில் அனுப்பப் பார்த்தார்கள். அவர்களிடம் இரண்டு பேர் ரேட் கொடுத்திருந்தார்கள், இரண்டும் கிலோக் கணக்கில். சங்கத்தில் தராசு இருந்தது. ஒரு கார்ட்போர்ட் பெட்டி 14 கிலோ நின்றது, அதைப் பெருக்கி ஒரு தொகையை அப்பியாசக் கொப்பியில் எழுதி, அதை வைத்தே விலையும் சொல்லிவிட இருந்தார்கள்.

நான் போன அன்று தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துப் பெட்டியை அளந்தேன். 45, 45, 60 சென்ரிமீற்றர். பெருக்கினால் 121,500. விமானச் சரக்கில் அதை 6,000 ஆல் பிரிப்பார்கள்: 20.25 கிலோ. தராசு 14 என்று சொன்னாலும் பில் 20 கிலோவுக்கு மேல்தான் வரும். கூரியரில் போட்டால் 5,000 ஆல் பிரிப்பார்கள், அப்போது 24.3. பொருளாளர் அக்கா கொப்பியை என் கையில் இருந்து வாங்கி, தானே திரும்பவும் பெருக்கிப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே ஒருவர் கடகத்தை எடுத்து, சின்னதைப் பெரியதற்குள் வைத்து அடுக்கத் தொடங்கினார். அதே அளவுப் பெட்டிக்குள் நிறைய ஏறியது. எடை கூடியது, பில்லுக்குரிய கிலோ கூடவில்லை.

ரேட் கொடுத்த இரண்டு பேரும் பெட்டியின் அளவைக் கேட்கவேயில்லை. என் ரேட் அவர்களுடையதைவிடக் கூட. வேலை எனக்கு வந்தது.

2025 ஜூன் 19

தம்பி, அளவு நாடா ஒன்று வாங்கி பைக் பெட்டியில் போடு. விசிட்டிங் கார்ட்டைவிடப் பயன்.

2025 ஜூன் 22

பரந்தனில் இருந்து ஒரு கேள்வி: "வாங்குநரோடு எஃப்.ஓ.பி. கிளிநொச்சி என்று பேசிக்கொண்டோம். லொறியில் ஏற்றினால் எங்கள் பொறுப்பு முடிந்ததுதானே?"

இரணைமடுக் குளத்துக்குக் கப்பல் வருகிற அன்றைக்கு முடியும்.

சரி, பகிடி போதும். எஃப்.ஓ.பி., எஃப்.சி.ஏ. எல்லாம் விற்கிறவரின் பொறுப்பு எங்கே முடிகிறது என்று சொல்கிற வியாபாரச் சொற்கள். எஃப்.ஓ.பி. என்றால் பின்னால் வருவது கப்பலில் ஏற்றுகிற துறைமுகத்தின் பெயர், உங்களுக்கு அது கொழும்பு. சாமான் கப்பலில் ஏறும் வரை பொறுப்பு உங்களுடையது, லொறி புத்தளம் பக்கம் பிரண்டாலும் உங்களுடையதுதான். கொன்ரெய்னர் சாமானுக்கு எஃப்.சி.ஏ. தான் பொருத்தம், இந்தச் சொற்களுக்கான சர்வதேச விதிகளான இன்கோடேர்ம்ஸ் 2020 இலும் அப்படித்தான் இருக்கிறது: பேசிக்கொண்ட இடத்தில் வாங்குநரின் ஃபோவர்டர் கையில் ஒப்படைத்தால் பொறுப்பு மாறிவிடும். எஃப்.சி.ஏ. கிளிநொச்சி என்று எழுதலாம், அதில் ஒரு பிழையும் இல்லை.

விற்கிற ஆளுக்கும் இது நல்ல கதவு. இப்படி ஒரு தாளை நீ திருத்திக் கொடுத்தால், அடுத்த கொடுக்கல் வாங்கலில் அவர் உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைப்பார்.

2025 ஜூன் 27

கொன்ரெய்னரை மில் வாசலுக்கே கொண்டுவருவோம் என்று ஒரு கொம்பனி விளம்பரம் ஒட்டியிருக்கிறதாம், அது நல்லதா என்று கேட்கிறார்கள். வெற்றுக் கொன்ரெய்னர் கொழும்பில் இருக்கிறது. கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். வெறுமையாக வந்து, ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். போக வர இரண்டுக்கும் காசு நீங்கள்தான் கட்டுவீர்கள். கொழும்பில் இருந்து சிங்கப்பூருக்குக் கப்பலில் போகிற கூலியைவிட ட்ரெய்லர் கிளிநொச்சிக்கு வந்து போகிற கூலி அதிகமாக நிற்கிற நேரமும் உண்டு.

வாசலுக்கு வரும் என்பதும் எல்லா வாசலுக்கும் இல்லை. விசுவமடுப் பக்கம் ஒரு கிரவல் ஒழுங்கைக்குள் 40 அடி ட்ரெய்லரை இறக்கிவிட்டு, திருப்ப இடமில்லாமல் பக்கத்து வளவு வேலியைக் கழற்றியதை நான் நின்று பார்த்தேன். கதியால் வேலி, கழற்றுவது லேசு. வளவுக்காரரைச் சமாதானப்படுத்துவது லேசில்லை.

முழுக் கொன்ரெய்னர் நிரப்புகிற ஆளுக்கு, ரோட்டும் சரியென்றால், வாசலில் ஏற்றுவது நல்லதுதான். சாமான் ஒருமுறைதான் கைபடும். மற்றவர்களுக்கு லொறியில் கொழும்புக்கு அனுப்பி அங்கே ஸ்டோரில் ஏற்றுவது மலிவு.

2025 ஜூலை 2

ஜூன் 15 இல் ரேட் பற்றி எழுதியதில் ஒரு பகுதி விட்டுப்போனது. சின்னச் சாமான், அதாவது எல்.சி.எல்., மற்றவர்களின் சாமானோடு சேர்த்து ஒரே கொன்ரெய்னரில் போவது. கனமீற்றருக்கு இவ்வளவு அல்லது தொன்னுக்கு இவ்வளவு, எது கூடவோ அது. இதில் கொழும்பில் சொல்லப்படுகிற ரேட் சிரிப்பு வருகிற அளவுக்குக் குறைவாக இருக்கும். சில வேளை சும்மா கொண்டுபோகிறோம் என்றும் சொல்வார்கள். அந்தக் காசை அந்தக் கரையில் எடுப்பார்கள்: இறக்கு கூலி, பிரிக்கிற கூலி, டொக்கியுமென்ட் கூலி என்று வரிசையாக.

மில்காரர் குறைந்த ரேட் பிடித்தேன் என்று சந்தோஷமாக அனுப்புவார். ஸ்காபரோக் கடைக்காரருக்கு அங்கே பில் வரும்போது ஒடியல் மாவின் விலையைவிடக் கூலி கூட நிற்கும். குடும்பத்துக்குள் சண்டை. சித்தப்பா நம்பிக்கையில்லாத ஆள் என்று பேர். ஒரு குடும்பம் இதாலேயே கலியாண வீட்டில் முகம் பார்க்காமல் நின்றது எனக்குத் தெரியும், யார் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு கரைக் கூலியையும் ஒரே தாளில் எழுதிக் கொடு. கொழும்பு வரை இவ்வளவு, கப்பல் இவ்வளவு, அங்கே இறக்கிக் கடை வாசல் வரை இவ்வளவு. உன் தாளில் கடைசித் தொகை பெரியதாகத் தெரியும், மனேஜர் பயப்படுவார். அந்தத் தாளை மில்காரரிடம் மட்டும் கொடுத்துவிட்டு வராதே. வாட்ஸ்அப்பில் பெறாமகனுக்கும் அனுப்பச் சொல். போன முறை பில் வாங்கிய ஆளுக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் விளங்கும்.

2025 ஜூலை 3

காங்கேசன்துறைக் கப்பலில் தேங்காய்த்தும்பு அனுப்பலாமா என்று கேட்டவருக்கு: இல்லை, காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் தொடங்கியது பயணிகள் கப்பல். அதில் உங்கள் 18 தொன் தேங்காய்த்தும்பு ஏறாது. பயணப்பை ஏறும்.

2025 ஜூலை 8

தம்பி தனியாக எழுதிக் கேட்டதை இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். "பெறாமகனோடு கதைத்தால் என்ன கேட்பது?"

முதலில், உணவு இறக்குமதிக்கு அவரிடம் லைசன்ஸ் இருக்கிறதா என்று கேள். கனடாவில் விற்க உணவு கொண்டுவருகிறவருக்கு அது வேண்டும். கடை இருக்கிறது என்பதற்காக லைசன்ஸ் இருக்கிறது என்று இல்லை, சிலர் வேறொரு மொத்த வியாபாரியின் பெயரில்தான் எடுப்பார்கள். அப்படியென்றால் உண்மையான வாடிக்கையாளர் அந்த மொத்த வியாபாரி. இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும்.

பிறகு பலகை. சாமானை மரப் பலட்டில், அதாவது பெட்டிகளை அடுக்குகிற மரத் தட்டில், வைத்து அனுப்பினால், மரம் சூடேற்றப்பட்டதற்கான முத்திரை இருக்க வேண்டும், உள்மரம் 56 பாகை செல்சியசில் 30 நிமிடம். ஊர் மரக்காலையில் அடித்த பலட்டில் அந்த முத்திரை இருக்காது. சாமான் திறமாக இருக்கும், பலகையால் நிற்கும். இதை முதலிலேயே கேட்கிற ஆளைக் கடைக்காரர்கள் மறக்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே நின்று தண்டம் கட்டியது அவர்கள்.

மீன், நண்டு, கருவாடு என்றால் ஐரோப்பாவுக்குக் கவனம். அங்கே அனுமதி பெற்ற பதனிடும் நிலையத்தில் இருந்து போனால்தான் உள்ளே விடுவார்கள். 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கே ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டு 2016 ஜூனில்தான் நீக்கியது, காரணம் வேறு, சட்டவிரோத மீன்பிடி. ஆனாலும் அந்தக் காலத்தை அங்கத்தைய வியாபாரிகள் இன்னும் சொல்லிக் காட்டுவார்கள். வீட்டு முற்றத்தில் காயவைத்த கருவாட்டைப் பாரிஸ் லா சப்பலுக்குக் கொன்ரெய்னரில் அனுப்பலாம் என்று யாருக்கும் ஆசை காட்டாதே. முடியாது என்று சொல்வதும் விற்பனைதான், நம்பு.

2025 ஜூலை 9

"கடல் அட்டையைப் பற்றி ஏன் எழுதவில்லை?" பூநகரிப் பக்கம் பண்ணைகள் நிறைய வந்துவிட்டன, உண்மை. ஆனால் காய்ந்த அட்டை இடம் பிடிக்காது, விலை பெரியது, வாங்குகிற ஆட்களே அனுப்புவதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த தம்பி தொடங்குகிற இடம் அது இல்லை.

2025 ஜூலை 16

காசு வருமா என்ற பயத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் எனக்கு வந்த தனிச் செய்திகளில் பாதி அதுதான். சொந்தக்காரனிடம் முன்காசு கேட்க வெட்கம். கேட்காமல் அனுப்பினால் ஆறு மாதம் "அடுத்த கிழமை சித்தப்பா".

இதில் ஃபோவர்டருக்கு ஒரு வேலை இருக்கிறது, யாரும் அதை விற்பதில்லை. கப்பல் சாமானுக்கு ஒரிஜினல் பீ.எல். எடுத்து மில்காரர் கையில் வைத்திரு. அது இல்லாமல் அந்தக் கரையில் சாமான் எடுக்க முடியாது. காசு வந்ததும் அனுப்பலாம், அல்லது இங்கேயே கப்பல் கொம்பனியிடம் ஒப்படைத்துவிட்டு அங்கே சாமானை விடுவிக்கச் சொல்லலாம். மில்காரர் பெறாமகனிடம், "நான் என்ன செய்ய, கொம்பனிப் பிள்ளை விட மாட்டேன் என்கிறாள்" என்று சொல்லிக்கொள்ளட்டும். அந்தப் பழியை நான் பலமுறை சந்தோஷமாகச் சுமந்திருக்கிறேன். ஸ்காபரோவில் என்னைத் திட்டுகிற ஒரு தெருவே இருக்கும்.

2025 ஜூலை 17

மேலே உள்ளதற்கு ஒருவர், "விமானத்தில் அனுப்பும்போதும் அப்படியே செய்கிறோம்" என்று எழுதியிருக்கிறார். வேண்டாம். விமானச் சாமானுக்குத் தருகிற தாள், எயார்வே பில், பீ.எல். மாதிரி உரிமைப் பத்திரம் இல்லை. அதில் பெயர் இருக்கிற ஆள் அடையாளம் காட்டிச் சாமானை எடுத்துக்கொண்டு போய்விடுவார், உங்கள் கையில் தாள் மட்டும் இருக்கும். விமானம் என்றால் முன்காசு, அல்லது வங்கியின் சம்மதத்தோடு வங்கி பெயருக்கு அனுப்புவது.

2025 ஜூலை 21

ஆடிக்கூழ் குடித்த கையோடு இதையும் எழுதிவிடுகிறேன். தைப்பொங்கல் சாமானுக்கு ஆள் தேடுகிற நேரம் இப்போதுதான், மார்கழியில் இல்லை. 2023 கடைசியில் செங்கடல் பிரச்சினை தொடங்கியதும் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. அப்போது ஐரோப்பாவுக்கே 10 முதல் 14 நாள் வரை கூடியது. ஜனவரி நடுப்பகுதிக்கு முன் ரொறன்ரோக் கடைத் தட்டில் இருக்க வேண்டும் என்றால் ஐப்பசிக்குள் கொழும்பை விட வேண்டும். ஐப்பசியில் இங்கே மழை பிடித்துவிடும், மிளகாய் காயாது, ஒடியல் காயாது, ஒழுங்கைக்குள் லொறி இறங்காது. ஆகவே ஆவணிக்குள் காயவைத்து அரைத்துப் பெட்டி போட்டாக வேண்டும்.

இதை ரேட் இல்லாமல், ஒரு நாட்காட்டித் தாளாக எழுதி நான் மில்களில் ஒட்டிவிட்டு வருவேன். அடியில் என் போன் இலக்கம். கழற்ற மாட்டார்கள், அவர்களுக்கே தேவை.

2025 ஜூலை 24

தம்பி எழுதியிருக்கிறான்: புளியங்குளத்தில் ஒரு தூள் மில், பெறாமகன் இல்லையாம், மருமகன், லண்டனில். இரண்டு கரைக் கூலித் தாளைப் பார்த்துவிட்டு அவரே போன் எடுத்து, ஒரு கனமீற்றர் சொச்சம் அனுப்பிப் பார்ப்போம் என்றிருக்கிறார். மனேஜர் இதெல்லாம் ஒரு வேலையா என்கிறாராம்.

மனேஜரை விடு. மருமகனிடம் இரண்டு விஷயம் கேட்டு இன்றைக்கே எழுது: போத்தலா பக்கற்றா, ஊறுகாய் ஏதும் சேர்த்து அனுப்புகிறார்களா. ஊறுகாய்ப் போத்தல் மூடி கசிந்து தூள் பெட்டி எல்லாம் எண்ணெய் குடித்த கதை எனக்குத் தெரியும், சேர்த்து அடுக்க விடாதே. பெட்டிகளை நீயே போய் அள, மாமனார் சொல்கிற அளவை எடுக்காதே. முதல் தடவை சாமானோடு நீயும் லொறியில் பேலியகொடை வரை போ, எந்த ஸ்டோரில் யார் கையெழுத்து வைக்கிறார் என்று பார்த்து வை. கடை வாசல் வரை கொட்டேஷன் போட லண்டன் கடையின் போஸ்ட்கோட் வேண்டும், அதை வாங்காமல் எனக்குத் திரும்ப எழுதாதே.